அத்தியாயம் 5: கட்டிலருகிலும் வகுப்பறையிலும் கற்பித்தல்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காலை ரவுண்ட் தொடங்கும் நேரம். ஒரு கட்டிலைச் சுற்றி வைத்திய நிபுணர், உள்ளகப் பயிற்சி வைத்தியர், தாதிய உத்தியோகத்தர், கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் என ஒரு கூட்டமே நிற்கிறது. படுத்திருப்பவர் ஒருவர்தான். பேச்செல்லாம் அவரைப் பற்றியது. அதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் நடப்பதால் அவருக்கு விளங்குவதில்லை. ரவுண்ட் நகர்ந்தபின் பக்கத்துக் கட்டில்காரரிடம், "என்னவாம் எனக்கு?" என்று கேட்கிறார்.

அந்தக் கேள்விக்கு இடம் வைக்காமல் கற்பிப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம். இதற்கு ஓர் அளவுகோல் போதும். மாணவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகரும்போது, இந்த நோயாளி தன் வருத்தத்தைப் பற்றி முன்னைவிடக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும். மனம் கொஞ்சம் ஆறியிருக்க வேண்டும். இது நோயாளிக்குச் செய்யும் தயவு அல்ல, கற்பித்தலின் தரத்தைக் காட்டும் அளவு. ஒரு நோயை நோயாளிக்கு விளங்கும்படி சொல்லத் தெரியாத மாணவர், அந்த நோயை இன்னும் முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை.

புதிதாகக் கற்பிக்கத் தொடங்கும் விரிவுரையாளர், பட்டப்பின் பயிற்சியில் இருக்கும் வைத்தியர், இளையோருக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்த உள்ளகப் பயிற்சி வைத்தியர் ஆகிய எல்லோரையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது.

எங்கிருந்து வந்தது இந்த முறை

மருத்துவத்தைக் கட்டிலருகே கற்பிக்கும் வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஹெர்மன் பூர்ஹாவே பன்னிரண்டு கட்டில்களை வைத்துக் கற்பித்தார். அந்தச் சிறு விடுதியைத் தேடி ஐரோப்பா முழுவதிலுமிருந்து மாணவர்கள் வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் வில்லியம் ஒஸ்லர், விரிவுரை மண்டபத்தில் இருந்த மாணவரை விடுதிக்கு அழைத்து வந்து, நோயாளியைப் பார்க்கும் பொறுப்பில் ஒரு பங்கை அவர்கள் கையில் கொடுத்தார். இன்று நம் மாணவர்கள் விடுதிவிடுதியாகச் சென்று பயிலும் முறை அங்கே உறுதிப்பட்டது.

தமிழில் இந்தக் கல்விக்கு நமக்கே ஒரு முன்னோடி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அறுபதுக்கும் மேற்பட்டோரை வைத்தியர்களாக்கினார். படித்து முடித்தவர் ஊருக்குள் போய் ஊராரிடம் பேசி வைத்தியம் செய்ய வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். இன்று நம் பாடநூல்களும் பரீட்சைகளும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதில் தவறில்லை. ஆனால் வாவிக்கரையில் வைத்தியம் தமிழில்தான் நடக்கிறது. கிறீனின் எண்ணம் இன்றும் செல்லும்.

நம் விடுதியின் இயல்பு

வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுமையான பல்கலைக்கழகமானது கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் மருத்துவ மாணவர்கள் நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். தமிழ் மாணவர், முஸ்லிம் மாணவர், சிங்கள மாணவர் மூவரும் ஒரே குழுவில் நிற்பார்கள். நோயாளிகளோ எழுவான்கரைப் பட்டினத்தார், படுவான்கரை விவசாயிகள், காத்தான்குடி, ஏறாவூர் வியாபாரிகள், வாவியிலும் கடலிலும் தொழில் செய்யும் மீனவர்கள்.

ஆசிரியர் முதலில் அறிய வேண்டியது இந்த நிலப்பரப்பைத்தான். "எங்கிருந்து வாறீங்க, எப்படி வந்தீங்க?" என்ற கேள்வியை நோய் வரலாற்றின் ஒரு பகுதியாகவே மாணவருக்குப் பழக்குங்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர் அந்த இடத்தில் 'பாதை' எனப்படும் மிதவையேறித்தான் வாவியைக் கடந்தார்கள். குறுமண்வெளி, மண்டூர் போன்ற துறைகள் பாதைக்கே பேர்போனவை. இரவில் நெஞ்சுவலி வந்தவர் விடியும்வரை ஏன் காத்திருந்தார் என்பதற்கும், கிளினிக்குக்கு வராமல் மாத்திரையை இடையில் நிறுத்தியவர் ஏன் நிறுத்தினார் என்பதற்கும் விடை பெரும்பாலும் இந்தப் பயணத்தில் இருக்கும். இதைக் கேட்கத் தெரிந்த மாணவர், "சொன்னபடி கேட்காத நோயாளி" என்று எழுதிவிட்டுப் போகமாட்டார்.

விடுதிக்குப் போகுமுன்

நல்ல பாடம் முதல்நாள் மாலையிலேயே தொடங்குகிறது. நான்கு காரியங்களை முடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

1. நோயாளியைத் தெரிவுசெய்யுங்கள். அபூர்வமான நோய் தேவையில்லை. சலரோகம், இதயச் செயலிழப்பு, ஆஸ்மா, எலிக்காய்ச்சல் ஆகியவையே மாணவருக்கு அதிகம் பயன்படும். மிகவும் களைத்திருப்பவர், கடும் வலியில் இருப்பவர், அன்று கெட்ட செய்தி கேட்டவர் ஆகியோரை விட்டுவிடுங்கள்.

2. நோயாளியின் சம்மதத்தைக் கூட்டம் வருமுன், தனியே சென்று கேளுங்கள். பத்துப் பேரைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். அது சம்மதம் ஆகாது. இப்படிக் கேட்கலாம்: "ஐயா, நாளைக்குக் காலம மெடிக்கல் படிக்கிற பிள்ளைகள் கொஞ்சப் பேரோட வரலாமா? உங்கட வருத்தத்தப் பத்தி அவங்களுக்குச் சொல்லிக்குடுக்க வேணும். கால் மணித்தியாலம் போகும். விருப்பமில்லாட்டிச் சொல்லுங்க, உங்கட வைத்தியத்தில ஒரு குறையும் வராது."

3. ஒரு நோக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "இன்று கழுத்து நாள அழுத்தத்தைப் பார்க்கப் பழகுவது" என்பது நோக்கம். "இதய நோய்கள்" என்பது நோக்கமல்ல, அது பாடநூலின் அத்தியாயம்.

4. தாதிய உத்தியோகத்தரிடம் நேரத்தைச் சொல்லிவையுங்கள். மருந்து கொடுக்கும் வேளை, சாப்பாட்டு வேளை, உறவினர் பார்வையிடும் வேளை மூன்றையும் தவிர்த்து நேரம் குறியுங்கள். நோயாளி இரவு எப்படி இருந்தார் என்பது விடுதியில் தாதிக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரையும் பாடத்தில் பேச அழையுங்கள். மாணவர் அப்போதே கூட்டாக வேலை செய்யப் பழகுகிறார்.

கட்டிலருகே நடக்க வேண்டியவை

முதலில் வணக்கமோ ஸலாமோ சொல்லி, உங்கள் பெயரைச் சொல்லி, மாணவர்களை அறிமுகப்படுத்துங்கள். நோயாளியைக் கட்டில் இலக்கத்தாலோ நோயின் பெயராலோ குறிப்பிடுவதை உங்கள் வாயிலிருந்தே முதலில் ஒழியுங்கள். ஐயா, அம்மா, அண்ணன், தங்கச்சி, முஸ்லிம் பெரியவர்களுக்கு வாப்பா, உம்மா என ஊரில் எப்படி அழைப்பார்களோ அப்படியே மாணவரும் அழைக்கட்டும். நோய் வரலாறு கேட்கும் மாணவர் உட்கார்ந்துகொள்ளட்டும். மேலிருந்து குனிந்து கேட்பவரிடம் வயதானவர்கள் சுருக்கமாகத்தான் பதில் சொல்வார்கள்.

சோதிக்கும்போது திரையை இழுத்துவிடுங்கள். தேவையான பகுதியை மட்டும் திறந்து, உடனே மூடச்சொல்லுங்கள். பெண் நோயாளியைச் சோதிக்கும்போது ஒரு தாதி அல்லது மாணவி கட்டாயம் கூட நிற்க வேண்டும். ஆண் மாணவர் தொடுவதை நோயாளி விரும்பாவிட்டால் காரணம் கேட்காமல் மாணவியிடம் அந்த வேலையைக் கொடுங்கள். வலிக்கும் இடத்தை ஒருவர் அழுத்தினால் போதும். குழுவில் உள்ள அத்தனை பேரும் அழுத்தத் தேவையில்லை.

கட்டிலருகே ஆங்கிலத்தில் பேசவேண்டி வந்தால், "இதைப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில சொல்றன், பிறகு உங்களுக்கும் சொல்றன்" என்று முன்பே சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள். புற்றுநோய்ச் சந்தேகம், பால்வினை நோய், கருக்கலைவு, குடும்ப வன்முறை, நஞ்சருந்திய சம்பவம் ஆகியவை கட்டிலருகே குழுவாகப் பேசும் விடயங்கள் அல்ல. இவற்றை அறைக்குள் கதவை மூடிக்கொண்டு பேசுங்கள். தன்னுயிரை மாய்க்க முயன்று வந்தவரின் கட்டிலைச் சுற்றி மாணவர் கூட்டம் நிற்கவே கூடாது. அவரோடு ஒரு மாணவர் மட்டும், ஆசிரியரின் பக்கத்தில் அமர்ந்து, கேட்கப் பழகலாம்.

நோயாளியின் முன் அவருடைய நோயைப் பற்றிப் பேசினால் அவர் பயந்துவிடுவாரோ என்று ஆசிரியர்கள் தயங்குவதுண்டு. 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, நோயாளியின் விபரத்தைக் கட்டிலருகே எடுத்துரைப்பதையும் வேறு அறையில் எடுத்துரைப்பதையும் ஒப்பிட்டது. கட்டிலருகே விபரம் எடுத்துரைக்கப்பட்ட நோயாளிகள், வைத்தியர்கள் தம்மோடு கூடுதல் நேரம் செலவிட்டதாக உணர்ந்தார்கள். பாடம் அவர்களுக்குச் சுமையாகத் தெரியவில்லை. அதே நோயாளிகள், தமக்கு விளங்காத மருத்துவச் சொற்களைக் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

ஐந்து படியில் ஒரு பாடம்

வேலை நிறைந்த விடுதியில் நீண்ட பாடத்துக்கு நேரம் கிடைக்காது. இதற்காகவே 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் ஐந்து படிகள் கொண்ட ஒரு முறையை வெளியிட்டார்கள். 'ஒரு நிமிட ஆசிரியர்' என்று பெயர். முடிவு சொல்ல வைப்பது, காரணம் கேட்பது, பொதுவிதி ஒன்றைக் கற்பிப்பது, சரியாகச் செய்ததைச் சொல்வது, பிழையைத் திருத்துவது என்பவையே அந்தப் படிகள். கற்பிப்பதற்காக அமைத்த ஓர் உதாரணத்தில் இதைப் பார்ப்போம்.

பெரும்போக வயல் வேலைக் காலம். வெல்லாவெளிப் பக்கமிருந்து வந்த நாற்பது வயது விவசாயி. நாலு நாளாகக் காய்ச்சல், உடம்பு முழுவதும் உளைவு. இரத்தச் சோதனையில் பிளேட்லெட் குறைந்திருக்கிறது. மாணவி விபரம் சொல்லி முடித்துவிட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறார். பல ஆசிரியர்கள் இந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் பொறுத்திருங்கள்.

"உங்கட முடிவு என்ன?"

"டெங்கு எண்டு நினைக்கிறன் சேர்."

"என்ன காரணம்?"

"காய்ச்சல், மேல் உளைவு, பிளேட்லெட்டும் குறைவு."

"இந்த மூண்டும் வேற எதிலயாவது வருமா?"

மாணவி யோசிக்கிறார். "எலிக்காய்ச்சலிலயும் வரலாம் சேர்."

"அப்ப எங்க பார்க்கப் போறீங்க?"

மாணவி நோயாளியிடம் அனுமதி கேட்டு, கெண்டைக்காலை மெதுவாக அழுத்துகிறார். அவர் காலை இழுத்துக்கொள்கிறார். "அதிலதான் மகள், பிடிக்க ஏலாது." கண்ணின் வெள்ளை சிவந்திருக்கிறது, பீளை இல்லை. சலம் எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, நேற்றுப் பின்னேரத்திலிருந்து குறைவு என்கிறார்.

இப்போது பொதுவிதி: "வயல் தண்ணியில இறங்கினவருக்குக் காய்ச்சல் எண்டா, பிளேட்லெட் குறைவை மட்டும் வச்சு முடிவெடுக்கக் கூடாது. கெண்டைக்கால், கண், சலத்தின்ர அளவு மூண்டையும் பாக்க வேணும். எலிக்காய்ச்சல் எண்டு பலமான சந்தேகம் இருந்தா, சோதனை முடிவு வரும்வரை நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தாமதிக்கக் கூடாது."

அடுத்தது பாராட்டு. "கெட்டிக்காரி" என்று பொதுவாகச் சொன்னால் பயனில்லை. "அழுத்த முதல் அனுமதி கேட்டீங்க, அழுத்தேக்க அவர்ர முகத்தப் பாத்தீங்க, ரெண்டும் சரி" என்று செய்ததைக் குறித்துச் சொல்லுங்கள். பிறகு திருத்தம்: "தொழில் விவசாயம் எண்டு எழுதினீங்க. கடைசியா எப்ப தண்ணியில இறங்கினவர், காலில காயம் இருந்ததா எண்டு கேக்கேல்ல. அடுத்தமுறை கேளுங்க."

ஆறாவது படியொன்றை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது நோயாளிக்கு உரியது. மாணவியே அவர் பக்கம் திரும்பி, எலியின் சலம் கலந்த தண்ணீரிலிருந்து இந்த நோய் வந்திருக்கலாம் என்றும், சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியதால் சலத்தை அளந்து வைக்கச் சொல்கிறோம் என்றும் சொல்லி, வீட்டில் வேறு யார் வயலுக்கு இறங்குகிறார்கள் என்று கேட்கட்டும். அவர்களுக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் பாதுகாப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம் என்று சொல்லட்டும். ஒரு பாடத்தின் பயன் கட்டிலைத் தாண்டி வயல்வரை போகிறது.

இருபது நிமிடக் குழாய்

விடுதியில் காத்திருக்கும் நேரங்கள் உண்டு. அவற்றைப் பாடமாக்கத் தெரிந்தவரே தேர்ந்த ஆசிரியர். பாம்புக்கடி இதற்குச் சிறந்த உதாரணம்.

வயலிலோ வாடியிலோ கடிபட்டு வந்தவரின் இரத்தம் உறைகிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. நாளத்திலிருந்து சுமார் 2 மில்லிலீற்றர் இரத்தத்தை எடுத்து, புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒருமுறை சரித்துப் பார்க்க வேண்டும். இரத்தம் ஓடினால் உறையவில்லை. நஞ்சு உறைதலைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தம். ஏன் கண்ணாடி? கண்ணாடியின் மேற்பரப்புத்தான் உறைதலைத் தொடக்கிவைக்கிறது. பிளாஸ்டிக் குழாயில் நல்ல இரத்தமும் உறையாமல் இருக்கலாம். ஏன் புதியது? சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயும் பிழையான முடிவைத் தரும். குழாய் நேராக நிற்கும் நேரத்திலேயே இந்த 'ஏன்'களைக் கேளுங்கள்.

நோயாளி நிலையாக இருந்தால், இருபது நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்.

முதல் ஐந்து நிமிடம்: கடிவாயும் கதையும். எந்த நேரம், எந்த இடம், பாம்பு எப்படி இருந்தது, முதலில் எங்கே கொண்டு போனார்கள், என்ன கட்டினார்கள் என்று மாணவர் கேட்கட்டும். விஷகடி வைத்தியரிடம் போய்வந்ததை நோயாளி சொன்னால் முகம் சுளிக்கக் கூடாது. முகம் சுளித்தால் அடுத்த உண்மையை அவர் மறைப்பார்.

இரண்டாவது ஐந்து நிமிடம்: நரம்பு. "மேல பாருங்க ஐயா" என்று விரலைக் காட்டி, இமை சரிகிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். இரவில் நிலத்தில் பாய்விரித்துப் படுத்தவர், கடித்த வலியே தெரியாமல், விடியற்காலையில் இமை சரிந்து வந்தால் கட்டுவிரியனை நினைக்க வேண்டும் என்பதை இங்கே சொல்லுங்கள். மூச்சு நின்றுபோகும் ஆபத்து அந்த இமையில்தான் முதலில் தெரியும்.

மூன்றாவது ஐந்து நிமிடம்: நச்சுமுறி மருந்து. நம் வைத்தியசாலைகளில் உள்ள மருந்து இந்தியாவில் செய்யப்படுவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் உரியது. மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு விரியனின் நஞ்சுக்கு அது உதவாது. இந்த மருந்துக்கே கடும் ஒவ்வாமை வரலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட இலங்கை நோயாளிகள் பங்குபற்றி 2011இல் வெளிவந்த ஆய்வில், மருந்தை ஏற்றுமுன் தோலுக்குக் கீழ் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தபோது கடும் ஒவ்வாமை குறைந்தது. வழக்கமாகக் கொடுத்துவந்த ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும் அந்தப் பயனைத் தரவில்லை. இலங்கையின் விடுதிகளில் பிறந்த அறிவு இது. இன்று விடுதியில் நிற்கும் மாணவரும் நாளை இப்படியொரு கேள்வியை எழுப்பி விடை காணலாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம்: நோயாளியும் உறவினரும். என்ன சோதனை நடக்கிறது, ஏன் காத்திருக்கிறோம், இரத்தம் உறையாவிட்டால் என்ன செய்வோம், மருந்து ஏற்றும்போது சொறிவோ மூச்சு முட்டோ வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதை மாணவர் தமிழில் விளக்கட்டும். பிறகு எல்லோருமாகக் குழாயைப் பாருங்கள். சரிப்பது ஒருவர். முடிவை நோயாளிக்குச் சொல்வதும் அவரே.

நோயாளியின் நிலை மாறினால் பாடத்தை அந்தக் கணமே நிறுத்திவிட்டு வைத்தியத்துக்குத் திரும்புங்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் மாணவர் உங்களைப் பார்த்தே கற்கிறார்.

கைவேலை கற்பித்தல்

கனியூலா போடுதல், சலக்குழாய் போடுதல், காயம் தைத்தல் போன்றவற்றை "ஒன்று பார், ஒன்று செய்" என்று விட்டுவிடக் கூடாது. ரொட்னி பேய்ட்டன் 1998இல் வகுத்த நான்கு படிகள் நன்றாக வேலை செய்கின்றன. ஆசிரியர் வழமையான வேகத்தில், பேசாமல் செய்து காட்டுகிறார். அடுத்து, ஒவ்வொரு படியையும் விளக்கிச் செய்கிறார். மூன்றாவதாக, மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்கிறார். கடைசியில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்கிறார். மூன்றாவது படியைத் தவற விடாதீர்கள். மாணவருக்கு எது விளங்கவில்லை என்பது அப்போதுதான் வெளியே வரும். யாருக்கும் வலிக்காமலும் வரும். முதல் மூன்று படிகளையும் மாதிரிக் கையில் முடித்துவிட்டே நோயாளியிடம் போக வேண்டும். இரண்டு முறை குத்தியும் நாளம் கிடைக்காவிட்டால் அனுபவசாலியிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற எல்லையை முன்பே சொல்லிவையுங்கள்.

வகுப்பறையில்

வகுப்பறை கட்டிலுக்கு எதிரான இடமல்ல. கட்டிலருகே கேட்க முடியாததைக் கேட்கவும், அங்கே கண்டதை அடுக்கி விளங்கவும் உரிய இடம் அது.

விரிவுரையை ஒரு நோயாளியின் கதையில் தொடங்குங்கள். அடையாளங்களை மாற்றிவிடுங்கள், ஊர் சிறியது, தொழிலும் கிராமமும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கதையைப் பாதியில் நிறுத்தி, "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் பக்கத்திலிருப்பவரோடு ஒப்பிடட்டும். அதன்பின் நீங்கள் பேசுங்கள். தாமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டுக் கேட்பவர் கூர்மையாகக் கேட்பார்.

மொழிப் பயிற்சிக்கு வாரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஒரு சிங்கள மாணவரும் ஒரு தமிழ் மாணவரும் சோடியாக அமரட்டும். ஒருவர் நோயாளி, மற்றவர் வைத்தியர். சலரோகக்காரருக்கு இன்சுலின் போடும் முறை, தாய்க்குப் பிள்ளையின் காய்ச்சல் பற்றிய விளக்கம், சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்டல் ஆகியவற்றை முதலில் தமிழிலும் பிறகு சிங்களத்திலும் செய்து பார்க்கட்டும். நம் தமிழ் மாணவருக்கும் நாளை நியமனம் அம்பாந்தோட்டையிலோ அநுராதபுரத்திலோ கிடைக்கலாம். இந்தப் பயிற்சி இருவருக்கும் சமமாகத் தேவை. நோயாளி "நெஞ்சு அடைக்கிது" என்றாலும் "உடம்பு இயலாம இருக்கு" என்றாலும், அவர் சொன்னபடியே பெட் ஹெட் டிக்கெட்டின் முதல் வரியில் எழுதிவிட்டு, பிறகு மருத்துவச் சொல்லுக்குப் போகப் பழக்குங்கள்.

பரீட்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜோர்ஜ் மில்லர் 1990இல் மருத்துவத் திறனை நான்கு அடுக்காக வகுத்தார்: அறிதல், எப்படி என்று அறிதல், செய்து காட்டுதல், நடைமுறையில் செய்தல். எழுத்துப் பரீட்சை முதல் இரண்டை அளக்கும். 1975இல் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய ஒஸ்கி, பல நிலையங்களில் மாணவரைச் செய்து காட்ட வைத்து மூன்றாவதை அளக்கும். நான்காவதை அளக்க விடுதிதான் இடம். யாரும் புள்ளி போடாத வேளையில் மாணவர் நோயாளியோடு எப்படிப் பேசுகிறார் என்பதைப் பாருங்கள். பார்த்ததை அவரிடம் அன்றே சொல்லுங்கள். பரீட்சை எதைக் கேட்கிறதோ மாணவர் அதைத்தான் படிப்பார். ஆகவே ஒவ்வொரு ஒஸ்கியிலும் "நோயாளிக்கு விளக்குக" என்ற நிலையம் ஒன்றாவது இருக்கட்டும்.

பிழை கண்டால்

நோயாளியின் முன்னால் மாணவரைத் திட்டாதீர்கள். அது மாணவரை மட்டும் தாக்குவதில்லை. நாளை அதே மாணவரின் கையில் ஊசி வாங்கப்போகும் நோயாளியின் நம்பிக்கையையும் உடைக்கிறது. ஆபத்தான பிழையென்றால் உடனே அமைதியாகக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். விளக்கத்தை வெளியே வந்தபின் சொல்லுங்கள். பேசும்போது மூன்றைச் சொல்லுங்கள்: நான் கண்டது என்ன, அதனால் நோயாளிக்கு என்ன நேரலாம், அடுத்தமுறை என்ன செய்ய வேண்டும். மாணவரின் குணத்தைப் பற்றியோ, ஊரைப் பற்றியோ, படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். பயந்த மாணவர் பிழையை மறைப்பார். மறைத்த பிழை ஒருநாள் ஒருவரின் உயிரைக் கேட்கும்.

"தெரியாது" என்று மாணவர் சொன்னால் அதை மதியுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை நோயாளி கேட்டால், "பார்த்துச் சொல்கிறேன்" என்று மாணவர் முன்னிலையிலேயே சொல்லுங்கள். மறுநாள் பார்த்து வந்து சொல்லுங்கள்.

பத்தே நிமிடம் இருந்தால்

விடுதி நிரம்பி வழியும் நாளில், டெங்குக் காலத்தில், முழுப் பாடம் நடத்த முடியாது. அன்றைக்கு இவ்வளவு போதும்:

ஒரு நோயாளி. ஒரு குறி. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருமுறை செய்து காட்டல். ஒரு மாணவர் திரும்பச் செய்தல். நோயாளிக்குத் தமிழில் மூன்று வசனம். "வேறு ஏதும் கேக்க வேணுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருத்தல். நன்றி சொல்லிவிட்டு நகர்தல்.

கடைசிக் கேள்வியை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். பல நோயாளிகள் தம் மிகப் பெரிய பயத்தை அப்போதுதான் சொல்கிறார்கள். ஆபரேஷன் செய்தால் மீண்டும் தோணி ஓட்டலாமா, இந்த நோய் பிள்ளைக்கும் வருமா, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நோன்பு பிடிக்கலாமா என்பவை எந்தப் பாடநூலின் அட்டவணையிலும் இருப்பதில்லை. நல்ல வைத்தியர் விடை சொல்ல வேண்டிய கேள்விகளோ இவைதான்.

ஆசிரியருக்கு

நாளைய ரவுண்டுக்குப் பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். மாணவர்களை அனுப்பிவிட்டு, பாடத்துக்கு உதவிய நோயாளியிடம் தனியே திரும்பிப் போங்கள். "உங்களுக்கு என்ன வருத்தம் எண்டு இப்ப விளங்கிச்சா? எனக்குச் சொல்லுங்க பாப்பம்" என்று கேளுங்கள். அவர் தன் சொந்தச் சொல்லில் சொல்லிவிட்டால் பாடம் வெற்றி. சொல்ல முடியாவிட்டால், குறை நோயாளியிடம் இல்லை; அங்கேயே நின்று மீண்டும் விளக்குங்கள், மறுநாள் மாணவரையும் விளக்க வையுங்கள். இதை ஒவ்வொரு வாரமும் ஒரு நோயாளியிடமாவது செய்யுங்கள். உங்கள் மாணவர் எத்தகைய வைத்தியராக வருவார் என்பதை எந்தப் புள்ளிப் பட்டியலையும்விட அந்த நோயாளியின் பதில் உங்களுக்குத் தெளிவாகச் சொல்லும்.